காலடி மண்ணும் கூட்டுழைப்பும்

வீடிழந்த குடும்பத்திற்கு வீட்டைக் கட்டிக் கையளிப்பதா, அல்லது அக்குடும்பமே கட்டிக்கொள்ளத் துணைநிற்பதா? யுத்தத்தின் பின்னரும் சுனாமியின் பின்னரும் எழுந்த இக்கேள்வி, 2025 நவம்பரில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலின் பின்னர் மீண்டும் முன்னிற்கின்றது. இதற்கு விடை காண நமது அனுபவங்களே போதுமானவை.

2012 ஒக்டோபரில் வடக்கு, கிழக்கில் விரிவாக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில், பயனாளிகளுக்கு தலா 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டது. வீட்டை அவர்களே கட்டினர். தமது தேவையறிந்து கட்டியமை அதன் சிறப்பாகும். எனினும் சீமெந்து, மணல், மேசன் கூலி ஆகியவற்றின் விலையேற்றத்தால் பல குடும்பங்கள் கடனாளிகளாயின. கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்த பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் சுமை இன்னும் அதிகம். மறுபுறம், 2016இல் முன்வைக்கப்பட்ட 65,000 உருக்கு வீடுகள் திட்டம், வீடொன்றுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் செலவாகும் என்பதாலும், வெப்பமான காலநிலைக்கு ஒவ்வாதது, உள்ளூர்த் தொழிலாளருக்கு வேலை தராதது என்பதாலும் கடும் விமர்சனத்திற்குள்ளாகி நிறைவேறாது போனது.

இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு வழி உண்டு. மணற்பாங்கான மண்ணைச் சலித்து, ஐந்து முதல் பத்து வீதம் வரை சீமெந்து கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தினால் உறுதியான கல் கிடைக்கும். சூளையும் விறகும் வேண்டியதில்லை. நிழலில் வைத்து ஈரம் காயாது பராமரித்தால் போதும். இக்கல்லுக்கு 2009இலேயே இலங்கைத் தரநியமம் வகுக்கப்பட்டுள்ளது. சுனாமியால் அழிந்த அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்த முஸ்லிம் மீனவர் கிராமத்தில், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், கிராமத்தவரின் கருத்தறிந்து, இத்தகைய மண் கற்களையும் இறப்பர் மரத்தையும் கொண்டு வீடுகளை வடிவமைத்தார்.

இடிந்த வீட்டின் ஓடு, கதவு, யன்னல், பனஞ்சலாகை ஆகியவற்றில் பழுதற்றவற்றை மீளப் பயன்படுத்தலாம். தற்காலிகக் கொட்டிலின் தகரம் சமையலறைக்கு உதவும். நான்கைந்து குடும்பங்கள் முறைவைத்து ஒருவருக்கொருவர் உழைத்தால் கூலிச் செலவு பெரிதும் குறையும். உழைக்க ஆளில்லாத வீட்டுக்கு அயலவரின் கரங்களே மூலதனம்.

எனினும் இது எங்கும் பொருந்தும் மருந்தன்று. கடற்கரை மணலில் களித்தன்மை போதாது. கரிசல் மண் ஈரத்தில் வீங்கி, காய்ந்ததும் வெடிக்கும். ஆகவே மண் பரிசோதனை முதற்படியாகும். கல் அத்திவாரமும், சுவரை மழையிலிருந்து காக்கும் நீண்ட தாழ்வாரமும் அவசியம். வெள்ளம் வரும் இடத்தில் தளத்தை உயர்த்த வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மலைச்சரிவில் எந்தச் சுவரும் பாதுகாப்பாகாது. அங்கு மாற்றுக் காணியே தீர்வாகும்.

மண் வீடு வறுமையின் அடையாளம் என்ற எண்ணமும் மாற வேண்டும். ஆனால் அதனை மக்களிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. காணி உரிமையும், காலந்தவறாத தவணைப் பணமும், பிரதேச செயலகந்தோறும் கல் அழுத்தும் இயந்திரமும், மண்ணைச் சோதித்து ஆலோசனை கூறும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பாகும். அவை கிடைத்தால், கடனின்றித் தன் கூரையைத் தானே உயர்த்தும் ஆற்றல் நம் மக்களுக்கு உண்டு.