இலை உதிருமுன் வந்த பனிமழை

ஆண்டுத் தொடக்க வறட்சியில் நம் பால்மரங்களின் இலை சிவந்து உதிர்வதையும், பால் குறைவதையும் நாம் அறிவோம். அமெரிக்காவின் வடகிழக்கில் மேப்பிள் மரங்கள் அக்டோபரில் இவ்வாறே சிவக்கின்றன. பச்சையம் சிதையும்போது மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படும். சிவப்போ புதிதாய் ஊறுவது. பின்னர் காம்படியில் தக்கை போன்ற படலம் உண்டாகி இலை உதிரும்.

2011 அக்டோபர் 29ஆம் நாள், இலையெல்லாம் உதிர்ந்து முடியுமுன்பே அங்குப் பனிமழை கொட்டியது. செவ்விலைமேல் வெண்பனி, கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்த ஈரப்பனி மிகக் கனமானது. மொட்டைக் கிளையில் சிறிதே நிற்கும், இலையிருந்தாலோ குவிந்துவிடும். கிளைகள் முறிந்து மின்கம்பிகளின்மேல் விழ, 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் விளக்கணைந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் சில குடும்பங்கள் ஒரு வாரத்துக்கு மேல் குளிரிலும் இருளிலும் கிடந்தன.