புறக்கடைக் கோழி – 6: கரையான் பானையும் புரதக் கணக்கும்

நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு முதல் சில வாரங்கள்தான் கண்டம். பருந்து, கீரிக்குத் தப்பினாலும் தீனியில் கோட்டைவிட்டால் தேறாது. அந்த வயதில் அது தின்பதில் ஐந்தில் ஒரு பங்கு புரதமாக இருக்க வேண்டும். வீட்டில் இறைப்பதோ அரிசிக் குருணை. அதில் புரதம் எட்டு சதவீதத்தை ஒட்டித்தான். வயிறு நிறையும், உடம்பு ஏறாது.

இந்தக் குறையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு பழைய மண்பானை தீர்த்துவந்தது. கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், இற்றுப்போன மட்டை, ஓலை என்று கரையானுக்குப் பிடித்ததையெல்லாம் அதில் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் பானையை நிமிர்த்தினால் சாக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாக ஊரும். வெயில் ஏறுவதற்குள் தட்டிக் கொட்டிவிட வேண்டும். தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். தாய்க்கோழி குரல் கொடுத்ததும் குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு வந்து கொத்தும். பத்துப் பதினைந்து இளங்குஞ்சுகளுக்கு ஒரு பானை காணும். கரையானின் உலர் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். தானியத்தில் போதாமல் போகும் லைசின் என்ற அமினோ அமிலமும் அதில் உண்டு. காசு செலவில்லாத இந்த முறை பல ஊர்களில் வழக்கொழிந்து வருவது பெரிய இழப்பு.

இப்போது எல்லோரும் சொல்வது அசோலா என்ற நீர்ப் பெரணி. நிழலில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, மண்ணும் சாணக் கரைசலும் போட்டால் பச்சைப் பசேலென்று படரும். உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்பது உண்மை. ஆனால் பறித்த அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் போட்டால் கோழிக்குச் சேரும் புரதம் ஒன்றரை கிராம் அளவுதான். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 கிராம் வேண்டும். கீரைபோல அசோலாவும் நல்லது. அதுவே தீவனம் என்று நம்பினால் முட்டை குறையும்.

மீதிப் புரதத்துக்குப் புண்ணாக்கு இருக்கிறது. அதில் ஓர் எச்சரிக்கை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் படர்ந்த பூஞ்சை சிக்கியது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். கோழிக்குஞ்சின் ஈரலையும் அது விட்டுவைக்காது. சொந்தக் கடலையை ஆட்டி எடுத்த புண்ணாக்கானாலும் ஈரம் பட்டு, பூசணம் பிடித்திருந்தால் குப்பைக்குழிக்குத்தான் போக வேண்டும். வீணாகிறதே என்று கோழிக்குப் போடுவது கூடாது. சோயா விளைவிப்பவர்கள் அதை வறுக்காமல் போடக் கூடாது. பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.



புரதம் போக, மொத்தத் தீனியையும் கணக்குப் பார்க்க வேண்டும். வளர்ந்த கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் தின்னும். பத்துக் கோழிக்கு மாதம் 30 கிலோ. மேய்ச்சலில் புழு, பூச்சி, விதை என்று ஒரு பகுதியை அதுவே தேடிக்கொள்ளும். மிச்சத்துக்குக் கம்போ சோளமோ வயலில் விளைய வேண்டும். குஞ்சு வாங்கப் போகுமுன் அந்தத் தானியம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

(தொடரும்)