ஆசிரியர் எண்ணிக்கை சரி. விஞ்ஞானம் படிப்பிக்க யார்?

"எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லை" என்று பெற்றோர் முறையிடுகிறார்கள். "மாணவர் தொகைக்கு ஏற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்" என்று அதிகாரிகள் பதில் சொல்கிறார்கள். றக்வான போன்ற சிறு நகரங்களில் நான் பல தடவை கேட்ட உரையாடல் இது. இதில் எவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசித்திரம். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகின்றன என்பதை நாம் விளங்கிக்கொள்ளாதவரை, எமது மகஜர்கள் கோப்புகளுக்குள்ளேயே உறங்கும்.

இலங்கையில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 40 இலட்சம் மாணவர்கள் கற்கிறார்கள். சராசரியாக 17 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தெற்காசியாவில் இது மிக நல்ல விகிதம். ஆனால் சராசரி என்பது வகுப்பறைக்குள் வந்து பாடம் நடத்துவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை தரத்துக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு 25 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 மாணவர்கள். மேற்சொன்ன விகிதத்தின்படி 6 ஆசிரியர்கள் போதும். நீண்ட காலமாக நடைமுறையில் இருந்த வாரத்துக்கு 40 பாடவேளை என்ற கணக்கில், நான்கு வகுப்புகளுக்கும் 160 பாடவேளைகள். ஆறு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 27 பாடவேளை அளவில் வரும். கடதாசியில் எல்லாம் சரி.

இப்போது பாடங்களை எண்ணுங்கள். தமிழ், ஆங்கிலம், இரண்டாம் மொழி சிங்களம், சமயம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம், அழகியல், செயன்முறைத் தொழினுட்பம். மொத்தம் 12. மாணவர் தொகை பாதியாகக் குறைந்தாலும் பாடங்களின் தொகை குறையாது. ஆகவே ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு பாடமாவது எடுக்க வேண்டும். அந்த ஆறு பேரில் நால்வர் கலைப் பட்டதாரிகள் என்றால், கணிதமும் விஞ்ஞானமும் யாருடைய தலையில் விழும்?

றக்வானையில் இன்னொரு அம்சமும் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இரத்தினபுரி மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 2 சதவீதம். இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் சேர்ந்து பத்தில் ஒரு பங்களவு. நகர முஸ்லிம் பிள்ளைகளும் தோட்டப் பிள்ளைகளும்தான் இங்கு தமிழ்மொழிமூல மாணவர்கள். இவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்தால், சமயப் பாடவேளையில் 25 பேர் இஸ்லாம், சைவநெறி, கிறிஸ்தவம் என்று மூன்றாகப் பிரிவார்கள். ஒரே நேரத்தில் மூன்று ஆசிரியர்கள் தேவை. வெவ்வேறு பாடசாலைகளில் அமர்ந்தால், இரண்டு பாடசாலைகளுமே சிறியவையாகி, இரண்டிலும் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் போகும்.

இந்தப் பிரிவுக்கு வரலாறு உண்டு. தோட்டப் பாடசாலைகள் நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்து, 1970களின் பிற்பகுதியிலிருந்தே படிப்படியாக அரச முறைமைக்குள் வந்தன. அந்தப் பின்னடைவை ஈடுசெய்ய, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. 2014, 2015 காலப்பகுதியில் மலையகப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் அளவில் ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 6,000 ரூபா. முஸ்லிம் பாடசாலைகளோ தனி வகையாக, ரமழான் விடுமுறையுடன் கூடிய தனி நாட்காட்டியோடு இயங்குகின்றன. அருகருகே இருந்தும் இரு தரப்பும் ஆசிரியர்களைப் பகிர்வது எளிதாக இல்லாமைக்கு இந்த நாட்காட்டியும் ஒரு காரணம்.

விளைவு ஒரு சுழல். விஞ்ஞான ஆசிரியர் இல்லையென்றால், வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைச் சிங்களமொழிமூலத்துக்கோ மாவனல்லை, கொழும்புப் பக்கமோ அனுப்புகிறார்கள். மாணவர் தொகை குறைகிறது. தொகை குறைந்தால் ஆளணியும் குறைகிறது. எஞ்சியிருப்பவர்கள் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் சிறு வியாபாரியின் பிள்ளையும்தான். 2012இல் மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த நாட்டின் வருடாந்தப் பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே போய்விட்டன. ஆகவே இந்தச் சுழல் இனி வேகமெடுக்கும்.

நாம் என்ன செய்யலாம்? முதலாவது, "ஆசிரியர் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்துவோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியையும் தற்போதுள்ள ஆளணியையும் பாடவாரியாக வலயக் கல்வி அலுவலகத்திடம் கேட்கலாம். கோரிக்கை பற்றிய தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். அந்த அட்டவணை கையில் இருந்தால், "மொத்தத் தொகை சரி" என்ற பதில் எடுபடாது.

இரண்டாவது, முஸ்லிம் பாடசாலையும் அயலிலுள்ள தமிழ்ப் பாடசாலையும் சேர்ந்து ஒரே கோரிக்கையை முன்வைக்கட்டும். ஒரு பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு வாரம் 20 பாடவேளையும் இல்லாதபோது, இரண்டுக்கும் பொதுவாக ஒருவரைக் கேட்பது நியாயமான கணக்கு. தோட்டப் பிள்ளையின் விஞ்ஞான ஆசிரியர் எமது பிள்ளையின் விஞ்ஞான ஆசிரியராகவும் இருப்பதில் நமக்கு என்ன நட்டம்?

மூன்றாவது, வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியை தங்குவதற்குப் பாதுகாப்பான வீடு இல்லையென்றால், முதல் வாய்ப்பிலேயே இடமாற்றம் கேட்பார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. நியாயமான வாடகையில் ஓர் அறை ஒழுங்குசெய்து கொடுப்பதைப் பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் அமைச்சைக் காத்திராமலே செய்யலாம்.

பாடசாலைக்குப் புதிய நுழைவாயில் கட்டிக் கொடுக்கத் தனவந்தர்கள் எமது ஊர்களில் எப்போதும் உண்டு. அந்த வாயிலால் உள்ளே போகும் பிள்ளைக்குக் கணிதம் சொல்லித்தர ஒருவர் இருக்கிறாரா என்பதையும் இனி சேர்த்துக் கேட்போம்.