குருதிச் சிறுதட்டுக்கள் குறைவது ஏன்?

மழைக்காலம் வந்துவிட்டால் "பிள்ளைக்குக் கவுண்ட் இறங்கிவிட்டதாம்" என்ற பேச்சு நம் வீடுகளில் கேட்கத் தொடங்கிவிடுகிறது. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். ஆயினும், இறங்குவது எது, ஏன் இறங்குகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

அல்லாஹ் நமது இரத்தத்தில் செவ்வணு, வெண்ணணுக்களோடு 'பிளேட்லெட்' எனப்படும் சிறுதட்டுக்களையும் படைத்துள்ளான். மரக்கறி வெட்டும்போது கத்தி பட்டால், ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை முதலில் அடைப்பவை இவையே. எலும்பு மச்சையில் உருவாகும் இவை சுமார் 8 முதல் 10 நாட்களே வாழ்கின்றன. ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருப்பது சாதாரண அளவாகும்.

மூன்று வழிகள்

முதலாவது, உற்பத்தி குறைதல். இரத்தப் புற்றுநோய், புற்றுநோய்க்கான சில மருந்துகள், விற்றமின் பி12 குறைபாடு என்பன மச்சையைப் பாதிக்கின்றன.

இரண்டாவது, உற்பத்தியானவை அழிக்கப்படுதல். சில சிறுவர்களுக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலின் பின், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுதட்டுக்களைத் தாக்குகிறது. தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் குணமடைந்துவிடுவர்.

மூன்றாவது, மண்ணீரலில் தேங்குதல். ஈரல் சுருங்கும் நோயில் மண்ணீரல் வீங்கி, சிறுதட்டுக்களைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கடைசி மாதங்களில் சற்றே குறைவது வழமை. பிரசவத்தின் பின் அது சீராகும். ஆனால் இரத்த அழுத்தமும் கூடியிருந்தால் ஆபத்தானது. உடனே வைத்தியரை நாட வேண்டும்.

டெங்கில் நடப்பது

டெங்கு வைரஸ் மச்சையின் உற்பத்தியையும் மந்தமாக்குகிறது. உள்ளவற்றையும் அழியச் செய்கிறது. எனினும், உயிராபத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது இந்த எண்ணிக்கை அல்ல. இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதே முக்கிய காரணம். அது காய்ச்சல் விடும் வேளையில்தான் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று எண்ணும் நேரமே கவனம் வேண்டிய நேரம்! சிறுதட்டு ஏற்றினால் இக்கசிவு நிற்காது. பப்பாசி இலைச் சாறு கசிவைத் தடுக்கும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை. அதை நம்பி வைத்தியசாலை செல்வதைத் தாமதிக்கலாகாது.

தாய்மார் கவனத்திற்கு

* காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.
* காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மாத்திரம், உரிய அளவில் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும்.
* வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஜீவனி, இளநீர், கஞ்சி கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தம் வந்தால் தெரியாமற் போய்விடும்.
* கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், இரத்தம் வடிதல், மாதவிடாய் அதிகமாதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ரமழானில் இந்நோய் கண்டால் நோன்பைப் பிடிவாதமாகப் பிடிக்க வேண்டாம். நோயாளி பின்னர் கழாச் செய்துகொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உயிரைப் பேணுவதும் அமானிதமே.