பட்டம் யாருடையது?

அரசனை மணந்தவள் அரசி. அரசியை மணந்தவன் அரசனா? பிரிட்டனில் இல்லை. இரண்டாம் எலிசபெத் அரசியின் கணவர் பிலிப், 2021இல் மறையும் வரை எடின்பரோ கோமகனாகவும் இளவரசராகவுமே வாழ்ந்தார்.

1917இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வகுத்த முறைப்படி, முடிசூடியவரின் மக்களும், அவருடைய மகன்களின் மக்களும் இளவரசர், இளவரசியர் ஆவர். மகள்களின் மக்கள் ஆகார். எனவே எலிசபெத்தின் மகள் ஆன் இளவரசி. ஆனின் மகள் ஜாராவுக்கோ அப்பட்டம் இல்லை.

மணத்தால் வரும் பட்டம் கணவனைச் சார்ந்தது. 1981இல் சார்லஸை மணந்த டயானா ‘வேல்ஸ் இளவரசி’ ஆனார். உலகம் ‘இளவரசி டயானா’ என்றது. ஆயின் தம் பெயருக்கு முன்னே அச்சொல்லை இடும் உரிமை பிறப்பால் இளவரசியானோர்க்கே உண்டு. 1996இல் மணமுறிவு ஏற்பட்டதும் ‘ஹெர் ராயல் ஹைனஸ்’ என்னும் சிறப்பும் அவரை விட்டு நீங்கியது.

அரியணை வரிசையில் தம்பி அக்காளை முந்தும் வழக்கத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. 2015இல் பிறந்த சார்லட், 2018இல் பிறந்த தம்பி லூயிக்கு முன்னே நிற்கிறாள். பட்டமோ இன்னும் ஆண்வழியைப் பற்றியே நடக்கிறது.

கல்லூரியில் நாம் பெறுவதற்கும் பட்டம் என்றே பெயர். அதைத் தந்தை தர இயலாது. கணவன் பறிக்கவும் இயலாது!