வேரின் மக்கள்

இலக்கணம் கற்பிப்போன் ஒருவன் கணனி விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். எம் மருகன் மாலைதோறும் ஆடும் விளையாட்டொன்றிலே பல்லியுருவினரான குலத்தார் சிலர் தோன்றுவர். அவருள் ஒருவன் பெயரை அவன் ஒருநாள் தமிழிற் பெயர்த்துரைத்தான்: 'ஆழமில் நீரில் நிற்பவன்'. அதனைக் கேட்டு அமர்ந்த யாம் அக்குலத்தார் வரலாறு முழுதும் கேளாது எழுந்திலேம்.

அமெரிக்க நாட்டுப் பெதெஸ்டா நிறுவனத்தார் 1994 ஆம் ஆண்டு முதலாக வெளியிட்டுவரும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் விளையாட்டு வரிசைக்குரியோர் இவர். பிறர் இவரை ஆர்கோனியர் என்பர். இவர் தம்மைச் சாக்ஸ்லீல் என்பர். வேரின் மக்கள் என்பது அதன் பொருள். டம்ரியேல் என்னும் கற்பனைப் பெருநிலத்தின் தென்கீழ்த் திசையிலுள்ள கருஞ்சதுப்பு இவர்தம் தாயகம். செதிலும் வாலும் உடையர், நீருள்ளும் மூச்சுவிடுவர்.

வேர் என்றது ஹிஸ்ட் என்னும் மரங்களின் வேரை. மரத்தை ஓரறிவுயிர் என வகுத்தார் தொல்காப்பியர். இச்சதுப்பிலோ மரமே அறிவிற் பெரிது. மாந்தர் அதன் ஏவல்வழி நிற்போர். குஞ்சுகள் மரப்பாலருந்தி வளரும். இறந்தார் உயிர் மரத்தைச் சேர்ந்து, மீளவும் ஒரு முட்டையிற் புகும் என்பது அவர் நம்பிக்கை. மறுபிறப்பு நமக்குப் புதிதன்று. ஆயின் நாம் அச்சுழலினின்றும் விடுபட வேண்டுகின்றோம். அவரோ மரத்திற்கு மீளுதலையே பேறாகக் கருதுவர்.

இவர்தம் முன்னோர் கல்லாற் படிப்படியாக உயர்ந்த கோபுரங்களை எழுப்பினர். பின்னர் அவற்றைக் கைவிட்டனர். இன்று அவை கொடி படர்ந்து கிடக்க, மக்கள் மண்ணாலும் நாணலாலும் மனையமைத்து வாழ்கின்றனர். மாற்றமே சித்திஸ் என்னும் பெரும் பரம்பொருளின் இயல்பு; நிலைத்து நிற்பதே கேடு என்பது அவர் கருத்து. மண் கரைந்தால் மீண்டும் குழைத்துக் கட்டுவர், அதற்காக வருந்தார்.

எம்மை வியப்பித்தது அவர் மொழி. ஜெல் எனப்படும் அம்மொழியின் வினைச்சொற்களில் இறந்தகாலமுமில்லை, எதிர்காலமுமில்லை. நிகழ்காலம் ஒன்றே உண்டு. வினை காலங்காட்டும் எனப் பல்லாண்டு கற்பித்த எமக்கு இது எத்தகைய அதிர்ச்சி என்பதை நேயர்களே உய்த்துணர்க! ஆதலின் மருகன் மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தம் சொன்னோம். நிற்பவன் என்பதில் உள்ள பகர இடைநிலை எதிர்காலத்துக்குரியது. 'நிற்கின்றவன்' என்றலே பொருந்தும். அவன் சிரித்தான்; எனினும் மறுத்திலன்.

இனி, ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. அயல்நாட்டவராகிய டன்மர், சதுப்பினுட் புகுந்து இம்மக்களைப் பிடித்துச்சென்று தம் தோட்டங்களில் நெடுங்காலம் அடிமை கொண்டனர். 2002 ஆம் ஆண்டு வெளியான மொரோவிண்ட் என்னும் விளையாட்டில் அக்கொடுமையைக் காணலாம். ஆடுவோன் விரும்பின் அடிமைகளை விடுவிக்கலாம், விரும்பாவிடின் கடந்துபோகலாம். பெரும்பாலோர் கடந்தே போவர் என்றான் மருகன். அங்ஙனம் விடுதலைபெற்ற ஒருவன் தன் தாய்மொழியில், 'யான் அடிமையாக இருந்தேன்' என எவ்வாறு கூறுவான்? 'இருக்கின்றேன்' என்னும் வடிவமன்றோ அவனுக்குண்டு! இறந்தகாலம் வேண்டின் தன்னைப் பிணித்தோர் போன்ற அயலாரின் மொழியையே அவன் நாடவேண்டும். காலமில்லா மொழி கவலையில்லா மொழி என முதலில் எண்ணியிருந்த எமக்கு, அக்கணமே அவ்வெண்ணம் கலைந்தது.

பெயர்க்குரியவன் யாவனென வினவினோம். 2011 ஆம் ஆண்டின் ஸ்கைரிம் விளையாட்டில் விண்ட்ஹெல்ம் என்னும் பனிநகர் வருகின்றது. அதன் மதிலுக்குள் ஆர்கோனியர்க்கு இடமில்லை. மதிற்புறத்துத் துறையிலே குறைந்த கூலிக்குச் சுமை தூக்குவோருள் அவனும் ஒருவன். மருகன் கணனியைத் திறந்து காட்டினான். பனி பெய்துகொண்டிருந்தது, அவன் நின்றுகொண்டிருந்தான்.