பத்து நிமிஷம் கழிச்சுத் திணறும் கேம்

நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். ஆனாலும் ஜி.டி.ஏ. 5 திணறுதா? புது கார்டுக்கு வீட்டுல காசு கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க: எஃப்.பி.எஸ். எப்ப விழுது?

கேம் திறந்ததுமே என்றால், மானிட்டர் கேபிளைப் பாருங்க. அதை மதர்போர்டில் செருகியிருந்தால் வாங்கின கார்டு சும்மா கிடக்கலாம். கார்டுக்கு மாத்துங்க.

பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் விழுந்தால், பெரும்பாலும் சூடுதான். எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். பல இன்டெல் பிராசசர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரைப் போட்டு விளையாடுங்க. வெப்பம் ஏற ஏற மெகாஹெர்ட்ஸ் இறங்கினால் ஆள் மாட்டிக்கிச்சு.

நம்ம வேலம்பாளையத்தில் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்து கட்டடத்திலேயே நிட்டிங் மெஷின் ஓடும். பருத்தி நூல் உரசி உதிரும் பஞ்சு, ரோட்டுத் தூசி மாதிரி தூளா இருக்காது. இழை இழையாப் பின்னிக்கிட்டு ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் மெத்தை மாதிரி படியும். காத்து போக வழியே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தா எல்லாம் சுத்தமாத்தான் தெரியும்.

பனியன் கம்பெனியில் மெஷினுக்கு ஏர் பிடிக்கிற அதே வேலைதான். ஆனா அந்த கம்ப்ரசரையே இழுத்துட்டு வந்துடாதீங்க; அழுத்தம் அதிகம், காத்தோட தண்ணியும் வரும். கை ப்ளோயர் போதும். பவர் கேபிளைக் கழற்றிட்டு, ஃபேன் சுத்தாமல் விரலால் பிடிச்சுக்கிட்டு ஊதுங்க. லேப்டாப் என்றால் பின்மூடியைத் திறந்து பிரஷால் பஞ்சை எடுங்க.

அப்புறமும் சூடு குறையலையா, தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். அதையும் மாத்திப் பார்த்துட்டு வீட்டுல பேச்சை எடுங்க.